பதிவேட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஏன் நழுவுகிறீர்கள்?

மிச்சிகன் சட்டமன்றத்துக்குப் போட்டியிடும் வேட்பாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பொங்கல், தீபாவளி விழாக்களுக்கு வருகிறீர்கள், மேடையேறித் தமிழில் வணக்கம் சொல்கிறீர்கள். சந்தோஷம். பள்ளிக்கூடம், சொத்து வரி என்று எதைக் கேட்டாலும் பதில் தயார். உங்கள் கையில் இல்லாத விசாவைப் பற்றிக்கூட நம்பிக்கையாகப் பேசுகிறீர்கள். பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டுச் சட்டத்தைத் திருத்துவீர்களா என்று கேட்டால் மட்டும் கைகுலுக்கிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிடுகிறீர்கள்.

நான் இரண்டு பெண் குழந்தைகளைப் பெற்றவன். வீடு வாங்கும்போது முதலில் பள்ளியின் மதிப்பெண்ணையும், அடுத்து, பதிவேட்டில் இருப்பவர்களின் முகவரியைப் புள்ளியாகக் காட்டும் மாநிலப் போலீஸின் வரைபடத்தையும் பார்க்கும் ஆட்களில் நானும் ஒருவன். பக்கத்துத் தெருவில் புள்ளி இல்லையென்றால் நிம்மதி. அந்த நிம்மதிக்கு என்ன ஆதாரம் என்பதுதான் என் கேள்வி.

லாரி நாசரை நம் மாநிலம் மறக்காது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக மருத்துவர், பெற்றோர் கைகட்டி நின்ற பெரிய மனிதர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளிடம் அத்துமீறியவர். அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2018இல் தண்டனை விசாரணையில் 150க்கும் மேற்பட்டோர் அவருக்கு எதிராகப் பேசினார்கள். 1997லேயே பயிற்சியாளரிடம் சொன்னேன், யாரும் நம்பவில்லை என்றார் ஒருவர். குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் குடும்பத்துக்குத் தெரிந்தவர்கள்தான். மாமா, டியூஷன் வாத்தியார், கோச். வரைபடத்தில் இவர்களுக்குப் புள்ளி கிடையாது.

பட்டியலில் இருப்பவர்களோ 40,000க்கும் மேல். யாரை எத்தனை ஆண்டு வைப்பது என்பதை, எந்தப் பிரிவில் தண்டனை பெற்றார் என்பதை வைத்தே முடிவு செய்கிறோம்: 15 ஆண்டு, 25 ஆண்டு, இல்லையென்றால் ஆயுள் முழுக்க. அந்த ஆள் இன்றைக்கு எவ்வளவு ஆபத்தானவர் என்று யாரும் மதிப்பிடுவதில்லை. 1994இல் சிறையிலிருந்து வெளிவந்த பாலியல் குற்றவாளிகளை அமெரிக்க நீதித்துறை தொடர்ந்து கவனித்தது. மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி அதே வகைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 5.3 சதவீதம். வெளியே வராத குற்றங்கள் நிறைய உண்டு, உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடத்தான் இருக்கும். அதற்காக எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டியதில்லையே.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. 2016இல் ஆறாவது சுற்று எனப்படும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், மிச்சிகன் பதிவேட்டுச் சட்டத்தின் 2006, 2011 திருத்தங்களைப் பழைய வழக்குகளுக்கும் பொருத்துவது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் வசிக்கக்கூடாது என்ற விதியால் கிராண்ட் ராப்பிட்ஸில் எங்கெல்லாம் குடியிருக்க முடியாமல் போகிறது என்று தீர்ப்பிலேயே வரைபடம் போட்டுக் காட்டியது. அந்த விதி சட்டத்திலிருந்து நீங்கியது 2021இல்தான்! நீதிமன்றம் காதைத் திருகும்வரை யாரும் அசையவில்லை. ‘குற்றவாளிக்குப் பரிந்து பேசினார்’ என்று எதிராளி விளம்பரம் போட்டுவிடுவாரே என்ற பயம்.

பேட்டி வெட்டர்லிங்குக்கு அந்தப் பயம் இல்லை. 1989இல் மினசோட்டாவில் கடத்திக் கொல்லப்பட்ட ஜேக்கப்பின் தாய் அவர். 1994இன் மத்தியப் பதிவேட்டுச் சட்டமே அந்தப் பையன் பெயரில்தான் வந்தது. அதற்காகப் போராடிய அவரே, சட்டம் எல்லை மீறிப் போய்விட்டது என்று பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். அவரைவிடவா நீங்கள் இழந்துவிட்டீர்கள்?

பதிவேட்டையே தூக்கி எறியச் சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் குழந்தைகளை நாடிப் போகிறவன் ஆயுள் முழுக்க போலீஸ் கண்ணில் இருக்கட்டும். ஆனால் தண்டனைப் பிரிவுக்குப் பதிலாக ஆளுக்கு ஆள் ஆபத்தை மதிப்பிட ஒப்புக்கொள்வீர்களா? இருபது வருடம் ஒழுங்காக வாழ்ந்தவர் நீதிபதி முன் நின்று விடுவிப்புக் கேட்க வழி செய்வீர்களா? பதினாறு வயதில் தப்புச் செய்த பையனை என்ன செய்வீர்கள்? முகவரி சரிபார்ப்பதில் போகும் போலீஸ் நேரத்தில் ஒரு பகுதியை, புகார் கொடுக்க வரும் குழந்தையைக் கேட்பதற்கு ஒதுக்குவீர்களா?

பதிலை எழுத்தில் கொடுங்கள், தேர்தலுக்கு முன்பே. ‘முடியாது’ என்றாலும் சரி, காரணத்தோடு சொல்லுங்கள். வருகிற பதில்களை ஒரு வார்த்தை மாற்றாமல் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு அனுப்புகிறேன். பதில் தராதவர்களின் பெயரும் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
மிச்சிகன் வாக்காளர் ஒருவர்