மூலப்பத்திரத்தில் இருந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நிறவெறி குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1968-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தோடு பாகுபாடு ஒழிந்துவிட்டது என்றும், அதன் பிறகும் கருப்பின மக்கள் பின்தங்கியிருந்தால் அதற்கு அவர்களே பொறுப்பு என்றும் சொல்கிறது. பத்தொன்பது ஆண்டுகளாக மினியாபொலிஸ் நகரில் குடியிருப்பவள் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் வீடு 1930-களில் கட்டப்பட்டது. அதன் பழைய பத்திரங்களைச் சில ஆண்டுகளுக்கு முன் தேடி எடுத்தோம். தட்டச்சு மங்கிய அந்த நகலில், வேலி எத்தனை அடி உயரம் இருக்கலாம், தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது: வெள்ளையர் அல்லாத எவருக்கும் இம்மனையை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் தங்கலாம். இந்தியர்கள் வெள்ளையர் ஆகமாட்டார்கள் என்று 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததால், அந்த வரி எங்களையும் சேர்த்தே விலக்கியது. ஊரில் பத்திர எழுத்தராக இருந்த என் தந்தையாருக்குத் தொலைபேசியில் இதைப் படித்துக் காட்டினேன். "இதை எந்த அதிகாரியம்மா பதிவு செய்தான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கட்டுரையாளர் கேட்கத் தவறிய கேள்வி அதுதான். இந்நகரில் 1910 முதல் ஆயிரக்கணக்கான மனைகளின் பத்திரங்களில் இத்தகைய நிபந்தனைகள் ஏறின. அரசுப் பதிவகமே அவற்றைப் பதிவு செய்தது. 1934-இல் தொடங்கப்பட்ட கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம், கருப்பினத்தவர் வாழும் பகுதிகளில் வீட்டுக்கடனுக்குக் காப்புறுதி தர மறுத்ததோடு, இந்த நிபந்தனைகளை விதிக்கும்படி தன் கையேட்டிலேயே பரிந்துரைத்தது. நீதிமன்றங்கள் இவற்றை நிறைவேற்றித் தரக்கூடாது என்ற தீர்ப்பு 1948-இல்தான் வந்தது.

பத்திரத்தின் வேலையைக் கும்பல் செய்ததும் உண்டு. முதல் உலகப் போரில் பணியாற்றிவிட்டு அஞ்சல் துறையில் வேலை பார்த்த ஆர்தர் லீயும் அவர் மனைவி எடித்தும் 1931-இல் கொலம்பஸ் அவென்யூவில் ஒரு சிறிய வீட்டை வாங்கியபோது, ஆயிரக்கணக்கானோர் இரவுதோறும் திரண்டு வந்து அவர்களை வெளியேறச் சொல்லி மிரட்டினர். லீனா ஆலிவ் ஸ்மித் என்ற கருப்பின வழக்கறிஞர் அவர்களுக்குத் துணை நின்றார். ஆனாலும் அக்குடும்பம் சில ஆண்டுகளில் வேறு பகுதிக்குப் போய்விட்டது. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கருப்பினத்தவரின் கழுத்தைக் காவலர் ஒருவர் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலால் அழுத்திக் கொன்ற சந்திப்பு அந்த வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தொலைவில்தான் இருக்கிறது. அன்று உலகமே அந்த ஒன்பது நிமிடங்களைப் பற்றிப் பேசியது, பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தெருக்களில் யார் வீடு வாங்க முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசவில்லையே என்பது என் ஆற்றாமை.

நடுத்தரக் குடும்பத்துக்கு அமெரிக்காவில் வீடுதான் சேமிப்பு. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் முதுமைக்கால வைத்தியச் செலவும் பெரும்பாலும் அதன் மதிப்பிலிருந்தே வருகின்றன. மலிவான விலையில் வீடு வாங்க முடிந்த காலத்தில் ஒரு சாராரை வெளியே நிறுத்திவிட்டு, விலை ஏறிய பிறகு கதவைத் திறப்பது எப்படிச் சமநிலையாகும்? 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அதன்பின் பாகுபாடு காட்டுவதைத் தடுத்ததே தவிர, இழந்ததைத் திருப்பித் தரவில்லை. இந்நகர வட்டாரத்தில் இன்றும் வெள்ளையர் குடும்பங்களில் நான்கில் மூன்றும், கருப்பினக் குடும்பங்களில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவானவையுமே சொந்த வீட்டில் வசிக்கின்றன. இத்தகைய நிபந்தனை இருந்த வீடுகள், இல்லாத வீடுகளைவிட இன்றும் சுமார் 15 விழுக்காடு கூடுதல் மதிப்புள்ளவை என்று பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்து ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் எங்கள் வீட்டின் மதிப்பிலும் அந்த வரிக்குப் பங்குண்டு. நாளை விற்கும்போது அந்தப் பணம் எங்கள் கைக்குத்தான் வரும். கருப்பின மக்களின் சமவுரிமைப் போராட்டம் மாற்றிய சூழலில் பிறந்த 1965-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தால் இங்கு வந்து சேர்ந்த நம்மவர்கள், "நாங்கள் உழைத்து முன்னேறினோம், அவர்களால் ஏன் முடியவில்லை" என்று விருந்துகளில் பேசக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது.

இந்நிபந்தனை செல்லாது என்று வீட்டு உரிமையாளர் பதிவு செய்ய மினசோட்டா மாநிலம் 2019-இல் சட்டம் இயற்றியது. அதன்படி நாங்களும் விண்ணப்பித்தோம்; எங்கள் ஆவணங்களோடு புதிதாக ஒரு தாள் சேர்ந்திருக்கிறது. பழைய வரி அதன் இடத்திலேயே இருக்கிறது. 1968-ஓடு எல்லாம் முடிந்தது என்ற கூற்றுக்கு மறுப்பாக இக்கடிதத்தை அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மினியாபொலிஸ், மினசோட்டா