பெரியவளின் பாஸ்போர்ட்டை அனுப்பாதே, தம்பி

பொகவந்தலாவை, இலங்கை
ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். இங்கே மூன்று நாளாக விடாத மழை.

நேற்று போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. சின்னவளுக்கு 14 வயது என்பதால் இன்ஸ்டகிராம் கணக்கு போய்விட்டது, அழுகிறாள் என்றாய். சரி, இரண்டு நாள் அழுவாள். 2025 டிசம்பர் 10 முதல் அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே கணக்கு கூடாது என்ற சட்டம் எனக்கும் சம்மதம்தான். நீ பயப்படவும் வேண்டாம். தண்டம் நிறுவனத்துக்குத்தான், பிள்ளைக்கோ உனக்கோ இல்லை.

என் கவலையெல்லாம் பெரியவளைப் பற்றி. அவளுக்கு 17. வயதைக் காட்டு என்று இன்ஸ்டகிராமில் கேட்டுவிட்டார்களாம், பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பப் போகிறேன் என்றாயே, அதை மட்டும் செய்யாதே. அவர்களுக்குத் தெரிய வேண்டியது 16 தாண்டிவிட்டாளா, இல்லையா என்பதுதான். அதற்கு அவள் பிறந்த தேதி, ஊர், பாஸ்போர்ட் இலக்கம் எல்லாம் எதற்கு?

என் பழைய அடையாள அட்டை இலக்கத்தைப் பார். முதல் இரண்டு எண்கள் நான் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும் அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்பதால் 500 கூட்டியிருக்கிறார்கள். இலக்கம் தெரிந்தாலே என் பிறந்தநாள் தெரிந்துவிடும். ஒருமுறை டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுத்தபோது ஒரு பிரதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் பார்த்தால் என் பெயரில் யாரோ சிம் எடுத்திருந்தார்கள். அந்தச் சிம்மை நிறுத்த நான் எத்தனை நாள் அலைந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்து எந்தப் பிரதி கொடுத்தாலும் எதற்காக, என்றைக்கு என்று குறுக்கே எழுதித்தான் கொடுக்கிறேன்.

கடையில் நடந்தது பெரிய நிறுவனத்திலும் நடக்கும். 2025இல் டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலிக்கு வேலை பார்த்த வெளி நிறுவனம் ஒன்றிலிருந்து, வயதைக் காட்ட ஆட்கள் அனுப்பிய அடையாள ஆவணப் படங்கள் வெளியே போய்விட்டன. சுமார் 70,000 பேருடையது. முகத்தை வீடியோவில் காட்டச் சொல்வதையும் யோசித்துச் செய். பாஸ்வேர்ட் போனால் மாற்றலாம், பிள்ளையின் முகத்தை என்ன செய்வாய்? முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் அந்த முறையும் 16ஐ ஒட்டிய வயதுகளில் தடுமாறுகிறதாம்.

உங்கள் சட்டமே உனக்குத் துணை இருக்கிறது. அரசாங்க அடையாள ஆவணம் ஒன்றுதான் வழி என்று நிறுவனம் பிடிவாதம் பிடிக்க முடியாது, வேறு வழியும் தர வேண்டும். வயது பார்க்க வாங்கியதை வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். வேறு வழியைக் கேள். எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

உன் தாத்தாவின் தகரப்பெட்டி ஞாபகம் இருக்கிறதா? 1948இல் பிரஜாவுரிமை இல்லாமல் போன நம் மலையகத் தமிழர்களில் அவரும் ஒருவர். ஒரு துண்டுக் கடுதாசிக்காக எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார்! கடைசியில் கிடைத்த சான்றிதழை மழைக்கு நனையாமல் சீலையில் சுற்றி வைத்திருந்தார், யார் கேட்டாலும் கையில் கொடுக்க மாட்டார். தானே பிடித்துக்கொண்டு காட்டுவார்.

பெரியவளிடம் இதை நீயே சொல். அவளுக்கு விளங்கும். சின்னவளை அடுத்த ஞாயிறு என்னோடு பேசச் சொல், வட்ஸ்அப் அந்தத் தடையில் இல்லைதானே.

அன்புடன்,
அம்மா