மோனசைட் வேறு, தோரியம் வேறு

ஆசிரியருக்கு,

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூரில் கடற்கரை மணலிலிருந்து கனிமங்கள் எடுக்கும் திட்டம் பற்றிய செய்தியில் ‘மோனசைட் எனும் தோரியம்’ என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஒன்றல்ல. தோரியம் ஒரு கதிரியக்கத் தனிமம்; மோனசைட் என்பதோ சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகிய அரிய மண் தனிமங்களோடு தோரியமும் சேர்ந்த பாஸ்பேட் கனிமம். ‘தனித்திருத்தல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1829-இல் வைத்த பெயர் அது. எங்கள் கடற்கரையில் என்னவோ இல்மனைட், கார்னெட் போன்ற வேறு கனிமங்களோடு கூட்டமாகத்தான் கிடக்கிறது!

சிறுவயதில் திருவிழாவுக்கு வரும் பெட்ரோமாக்ஸ் விளக்கில் மேன்டில் நூல் எரிந்தபின், தொட்டால் உதிரும் வெள்ளைக் கூடு ஒன்று நிற்கும். அதில் பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. மணலிலிருந்து தோரியத்தைப் பிரித்தெடுக்க வேண்டும், அள்ளியதும் கிடைத்துவிடாது. அடுத்தமுறை இத்தகைய செய்தியோடு, இப்பெயர்களை நாலு வரியில் விளக்கும் பெட்டிச் செய்தி ஒன்றும் வெளியிடுங்கள்.

— ஒரு வாசகர், மணவாளக்குறிச்சி