தேள் மருந்து பற்றிக் கேட்டாயே

குவாங்சோ, சீனா

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. சித்த மருத்துவசாலையை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றியது நல்ல காரியம். மூட்டுவலிக்காரர்களை மாடிப்படி ஏறவைத்த புண்ணியவான் நீ ஒருவன்தான்!

தேளையும் பூரானையும் இங்கே எப்படி மருந்தாக்குகிறார்கள் என்று கேட்டிருந்தாய். சிங்பிங் சந்தையில் தேள்களை உயிரோடு தொட்டிகளில் போட்டு விற்கிறார்கள். மருந்துக்கென்றால் உப்புநீரில் வேகவைத்து, உடல் விறைத்ததும் நிழலில் உலர்த்துவார்கள். பூரானுக்குத் தலையிலிருந்து வால்வரை மூங்கில் சிம்பு செருகி, நிமிர்த்திக் காயவைப்பார்கள். வலிப்பு, பக்கவாதம், தீராத தலைவலி இவற்றுக்கெல்லாம் இரண்டையும் சேர்த்தே கொடுப்பதுண்டு. சீன அரசு மருந்து நூல் தேளுக்கு 3 முதல் 6 கிராம், பூரானுக்கு 3 முதல் 5 கிராம் என்று அளவு சொல்லி, இரண்டும் நஞ்சு, கர்ப்பிணிக்கு ஆகாது என்றும் எச்சரிக்கிறது.

தோலில் பட்டால் கொப்புளம் எழுப்பும் கொப்புள வண்டும் இங்கே மருந்துதான். அது கொட்டாது, ஆனால் அதன் கதை இன்னும் பயங்கரம். தலை, இறகு, கால்களைக் களைந்து அரிசியோடு வறுக்கிறார்கள். நீ சேராங்கொட்டையின் மூக்கை வெட்டி, நஞ்சு போகச் சுத்தி செய்வாயே, அதே கவலைதான். அளவு வெறும் 30 முதல் 60 மில்லிகிராம். மிஞ்சினால் சிறுநீரகம் போய்விடும்.

என்னை யோசிக்கவைத்தது முகவாதத்துக்கான, அதாவது முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்து கோணிப்போவதற்கான பொடி. சோங் அரச வம்சக் காலத்து மருந்து. தேள், பூஞ்சை பிடித்துச் செத்த பட்டுப்புழு, ஒரு கிழங்கு, மூன்றையும் பொடித்துச் சூடான மதுவில் கலக்கிக் குடிப்பது. கோணிய முகம் நேரானதாகப் பலர் சொல்கிறார்கள், பொய்யும் இல்லை. ஆனால் திடீரென வரும் முகவாதத்தில் பெரும்பாலானவை மருந்தே இல்லாமலும் சில வாரம், சில மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். அப்படியிருக்க, பேர் தேளுக்குப் போய்விடுகிறது.

அதற்காக எல்லாம் வெறும் நம்பிக்கை என்றும் தள்ளிவிட முடியவில்லை. 2013இல் இங்குள்ள குன்மிங் நகர ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியர்களும் சீனப் பூரானின் நஞ்சிலிருந்து ஒரு சிறு புரதத்தைப் பிரித்து, அது எலிகளின் வலியை மார்ஃபினுக்கு இணையாகக் குறைத்ததாக எழுதினார்கள். அது ஊசியில் ஏற்றிய தூய பொருள். காயவைத்து, பொடித்து, வயிற்றுக்குள் அனுப்பினால் அந்தப் புரதத்தில் எவ்வளவு மிஞ்சும்? இதை இங்குள்ள கடைக்காரரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, “முன்னோர்கள் முட்டாள்களா?” என்றார். நீயும் அதைத்தான் சொல்வாய், தெரியும்.

சரி, டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். மேசையில் வைக்க ஒரு கட்டு பூரான் கேட்டாயே, அது மட்டும் நடக்காது. சுங்கத்தில் விளக்கம் சொல்ல நீ வருவாயா?

அன்புடன்,
சேகர்