அடுத்த அப்டேட்டை முதலில் எங்கள் கையில் கொடுங்கள்

கைபேசிச் செயலிகளை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றை வெளியிட ஒப்புதல் தரும் வங்கி, அரசுத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் பார்வையற்றவன். அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்ப்பது, கரண்ட் பில் கட்டுவது, ரயில் டிக்கெட் எடுப்பது, மகளின் கல்லூரிக் கட்டணத்தை அனுப்புவது எல்லாவற்றையும் கைபேசியில் நானே செய்துகொண்டிருந்தேன். யாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதில்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை என நினைக்கிறேன். அண்மையில் நான் பயன்படுத்தும் வங்கிச் செயலியில் ஒரு பெரிய அப்டேட் வந்தது. அன்றிலிருந்து பணம் அனுப்ப மகளைக் கூப்பிடுகிறேன். வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே கதையை வேறு வங்கி, வேறு துறை, வேறு செயலி என்று என் நண்பர்கள் பலரும் சொல்கிறார்கள்.

நாங்கள் ஒரு செயலியை எப்படிக் கையாள்கிறோம் என்பதை உங்களில் பலர் நேரில் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் இருக்கிறது. திரையில் விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போய் அதன் பெயரைச் சொல்லும். இருமுறை தட்டினால் அது திறக்கும். உங்கள் கண் ஒரே நொடியில் அள்ளிக்கொள்ளும் திரை, எங்கள் காதுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வருகிறது. அதனால் வரிசையை மனத்தில் பதியவைக்கிறோம். மேலிருந்து எத்தனையாவது தள்ளலில் இருப்புத் தொகை வரும், எந்தத் தலைப்புக்குக் கீழே பணம் அனுப்பும் பட்டன் இருக்கும் என்பதெல்லாம் விரலுக்கே தெரிந்துவிடும். இரவில் மின்சாரம் போனாலும் சொந்த வீட்டுக்குள் தடுமாறாமல் நடக்கிறீர்களே, அப்படி.

அப்டேட்டுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்றால், எழுத்தாக இருந்த பட்டன்கள் படங்களாகிவிட்டன. பார்ப்பதற்கு அழகாக இருப்பதாக மகள் சொன்னாள். எனக்கோ ஒவ்வொன்றும் ‘பெயரிடப்படாத பட்டன்’ என்றே கேட்கிறது. எது பணம் அனுப்பும், எது கடன் விளம்பரத்தைத் திறக்கும் என்று தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பணம் புழங்கும் இடத்தில் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. அதற்கு மேலே தானாக நகரும் விளம்பரப் பட்டை ஒன்று. அது நகரும்போதெல்லாம் நான் நின்ற இடத்திலிருந்து என்னை இழுத்துப் போய்விடுகிறது. பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அப்டேட் செய்யாமல் உள்ளே விடுவதில்லை.

யாரும் எங்களை வதைக்க வேண்டும் என்று இதைச் செய்யவில்லை. ஒரு பட்டனில் எழுத்து இருந்தால் திரைவாசிப்பான் அந்த எழுத்தையே எடுத்துப் படித்துவிடும். யாரும் எங்களை நினைக்காமலே எங்களுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. எழுத்தை எடுத்துவிட்டுப் படத்தை வைக்கும்போது, அந்தப் படத்துக்கு ஒரு பெயரைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இணையப் பக்கங்களிலும் அதற்கென்றே இடம் இருக்கிறது. ஒரு பட்டனுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரி விடுபட்டது திரையைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பவருக்குத் தெரியவே தெரியாது. டாக்பேக்கை ஆன் செய்து ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரைவாசிப்பான் ஓடிக்கொண்டிருந்தாலே ‘பாதுகாப்பு அபாயம்’ என்று சொல்லித் திறக்க மறுக்கும் செயலிகளும் இருக்கின்றன. ஆண்ட்ராய்டின் அணுகல் வசதிகளைத் திருட்டு மென்பொருள்கள் தவறாகப் பயன்படுத்துவது உண்மைதான். அந்தக் கவலை எனக்கும் உண்டு, என் பணமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் கூகுளே தரும் டாக்பேக்கையும் எங்கிருந்தோ வந்த ஒரு செயலியையும் பிரித்தறியாமல் இரண்டையும் ஒரே கதவால் அடைப்பது சோம்பல்.

மாற்றமே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். மாற்றத்துக்காக வருடக்கணக்கில் ஏங்குபவர்கள் நாங்கள். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக அறிவித்தது. இன்னமும் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திவிடும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் என் கைக்கு வருகின்றன. கண்ணுக்கு அங்கே ‘தமிழ்’ என்று தெரியும். எழுத்தெழுத்தாகக் கேட்டால் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’. தமிழாசிரியனான நான் அதைப் படித்துச் சொல்ல இன்னொருவரைத் தேட வேண்டும். இதை மாற்றுங்கள் என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவர்களைப் பார்த்து, மாற்றத்துக்குப் பழகிக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று சொல்வது அநியாயம்.

பழகிக்கொள்வதிலும் எங்களுக்குக் குறை இல்லை. பணத்தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வரிசையில் நூறு ரூபாய்த் தாள் 157 மில்லிமீட்டர் நீளம், ஐந்நூறு 167. பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் விரலுக்குப் போதும். 2016 முதல் வந்த புதிய வரிசையில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. அகலம் மூன்றுக்கும் 66. நான்கு மில்லிமீட்டரில் இருநூற்றையும் ஐந்நூற்றையும் பிரிக்க வேண்டும். மேடாக அச்சிட்ட அடையாளங்களோ புழங்கப் புழங்கத் தேய்ந்துவிடும். கடைகளிலும் பேருந்துகளிலும் ஏமாந்தவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் கூட்டங்களில் வந்து கேளுங்கள். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் தாளைக் கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும் ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. அதையும் கற்றுக்கொண்டோம். அதைவிடக் கைபேசியில் பணம் அனுப்புவதே நிம்மதி என்று எங்களில் பலர் இந்தப் பக்கம் வந்தோம். இங்கேயும் அதே கதை என்றால் நாங்கள் எங்கே போவது?

மாற்றத்தை நல்லபடியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2007-ஆம் ஆண்டு ஆஃபீஸ் பதிப்பில் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு ரிப்பன் என்ற பட்டையைக் கொண்டுவந்தது. மெனு வரிசையைக் காதால் மனப்பாடம் செய்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. ஆனாலும் பழைய விசைகள் பலவற்றை அவர்கள் அழிக்கவில்லை. எக்செலில் ‘ஆல்ட், ஈ, எஸ்’ என்று அடுத்தடுத்து அழுத்தினால் பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டி இன்றும் திறக்கும். அந்த மெனு திரையிலிருந்து போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அதற்குப் போகும் பாதை மட்டும் இருக்கிறது. புதிய வழியை நான் என் வேகத்தில் கற்றுக்கொள்ளும்வரை பழைய வழியில் வேலை நடந்தது.

விண்டோஸுக்கான என்விடிஏ திரைவாசிப்பானை இன்னும் உயர்வாகச் சொல்வேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டேயுடன் சேர்ந்து வளர்த்த இலவச மென்பொருள் அது. இருவருமே பார்வையற்றவர்கள். வருடத்துக்குச் சில பதிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சோதனைப் பதிப்பு பொதுவில் கிடைக்கும். என்ன புதிது, என்ன மாறியது, எது சரிசெய்யப்பட்டது என்று விரிவான குறிப்பு வரும். பிறர் எழுதிச் சேர்த்த கூடுதல் வசதிகளான துணைநிரல்களை உடைக்கக்கூடிய பெரிய மாற்றங்களை அந்த ஆண்டின் முதல் பதிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். எப்போது இடறும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இடறாமல் நடந்துவிடலாம். உங்கள் செயலிகளின் அப்டேட் குறிப்பில் நான் படிப்பது பெரும்பாலும் ‘பிழைத் திருத்தங்களும் மேம்பாடுகளும்’ என்ற ஒரே வரி.

சட்டத்தைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை; உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் அடையாளம் உறுதியாகும் என்ற கேஒய்சி முறைக்கு மாற்று வழி வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அரைகுறைப் பார்வையோடு, வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் எழுத்தைத் தேடித் தவிப்பவர்களும் அதில் இருக்கிறார்கள். சர்வதேச அணுகல் வழிகாட்டி சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச மாறுபாட்டைக் கேட்கிறது. அது உங்கள் வயதான பெற்றோருக்கும் உதவும்.

நான் கேட்பது இதுதான். திரையை மாற்றப்போகிறீர்கள் என்றால் சில வாரங்களுக்கு முன்பே செயலிக்குள்ளேயே, எழுத்தில், தமிழில் சொல்லுங்கள். எது எங்கே போகிறது என்று சொல்லுங்கள். புதியது வந்த பிறகும் கொஞ்ச காலம் பழைய முகப்புக்குத் திரும்ப ஒரு வழி வையுங்கள். பாதுகாப்புக்காகச் சிலவற்றை உடனே மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது புரிகிறது, ஆனால் பட்டனின் வடிவம் பாதுகாப்பு விஷயம் இல்லை. புகார் கொடுக்கும் பக்கத்தில் படத்தைப் பார்த்து எழுத்தை உள்ளிடச் சொல்லும் கேப்ட்சாவை வைக்காதீர்கள். செயலியைத் திறக்க முடியவில்லை என்று சொல்ல வந்தவனை அந்தப் படம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியிடுவதற்கு முன் எங்களில் சிலரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பார்வையற்றோர் சங்கங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. கணினி படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பார்வையற்ற இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். சோதிப்பதற்கு அவர்களுக்கு உரிய சம்பளம் கொடுங்கள். மற்ற சோதனையாளர்களுக்குக் கொடுக்கிறீர்கள் அல்லவா? அவர்கள் பிழை என்று குறித்துக் கொடுப்பதை ‘அடுத்த பதிப்பில் பார்க்கலாம்’ என்று ஒதுக்காமல், அதைச் சரிசெய்யும்வரை வெளியீட்டு நாளைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தை உங்களில் ஒருவருக்குக் கொடுங்கள். அவர் யார் என்பதைச் செயலியின் உதவிப் பக்கத்தில், திரைவாசிப்பான் படிக்கும்படி, எழுத்தாகப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்