ஆசிய வாலிபால் 1975-ல் தொடங்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆசிய வாலிபால் சம்மேளனத்தின் வரலாறு குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டுக்குப் போக மிச்சமிருக்கும் இடத்தில் வாலிபாலுக்கு இரண்டு பக்கம் கொடுத்த உங்களுக்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளர் இரண்டு இடங்களில் அவசரப்பட்டுவிட்டார். ஐரோப்பாவைப் பார்த்துத்தான் ஆசியா தனக்கொரு அமைப்பை உருவாக்கியது என்கிறார். சாம்பியன்களின் பட்டியலையும் 1975-லிருந்தே தொடங்குகிறார்.

முதலாவதற்குப் பதில் ஆண்டுக் கணக்கிலேயே இருக்கிறது. ஆசிய சம்மேளனம் 1954-ல், மணிலாவில் இரண்டாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த சமயத்தில் உருவானது. ஐரோப்பிய சம்மேளனம் பிறந்தது 1963-ல். ஐரோப்பியர்களுக்குத் தனி அமைப்பு அவசரத் தேவையாக இருக்கவில்லை. 1947-ல் பாரீஸில் அமைந்த உலக சம்மேளனத்துக்கு 1984 வரை ஒரு பிரெஞ்சுக்காரரே, பால் லிபோ, தலைவராக இருந்தார். கண்டப் போட்டியை 1948-லேயே ரோமில் நடத்திவிட்டார்கள். சொல்லப்போனால் எல்லோருக்கும் மூத்தது 1946-ல் தோன்றிய தென் அமெரிக்க சம்மேளனம்தான்.

ஆசியாவில் இது தலைகீழ். அமைப்பு முதலில் வந்தது; முறையான ஆசிய சாம்பியன்ஷிப் 21 ஆண்டுகள் கழித்து வந்தது. தாமதத்துக்குப் பயணச் செலவைக் காரணம் காட்டுகிறார் கட்டுரையாளர். அதுவும் உண்டுதான். ஆனால் இந்தக் கண்டத்தில் அப்போது இரண்டு வகை வாலிபால் இருந்ததை அவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. என் பார்வையில் அதைச் சொல்லாமல் இந்தச் சம்மேளனத்தின் முதல் இருபது ஆண்டுகள் விளங்காது.

ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் அமைப்பின் பயிற்றுநர்கள் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவந்த ஆட்டம் 1913-ல் மணிலாவில் கிழக்காசிய நாடுகள் கூடி நடத்திய தூரக்கிழக்குப் போட்டிகளில் இடம்பெற்றபோது ஓர் அணிக்கு 16 பேர். பிறகு 12 ஆனது, 1927-ல் 9 ஆனது. ஜப்பான், சீனா, கொரியா, பிலிப்பைன்ஸ் எல்லாம் இந்த ஒன்பது பேர் ஆட்டத்தில் ஊறியவை. அதில் ஆட்டக்காரர்கள் முறைவைத்து இடம் மாறும் சுழற்சி கிடையாது. பின்வரிசையில் பந்தை எடுப்பவர் கடைசிவரை அங்கேயே நிற்பார். வலையருகே அடிப்பவர் அடித்துக்கொண்டே இருப்பார். ஆறு பேர் ஆட்டத்திலோ சுற்றி வந்தாக வேண்டும், அந்நாளில் குட்டையானவரும் ஒரு கட்டத்தில் வலைக்கு முன்னால் வந்து பிளாக் போட்டாக, அதாவது எதிரணி அடிக்கும் பந்தை வலைக்கு மேல் கைகளால் தடுத்தாக வேண்டியிருந்தது. ஆட்களைக் குறைத்தால் மட்டும் போதாது, ஆட்டத்தையே மறுபடி கற்க வேண்டும்.

இந்தியா ஆறு பேர் ஆட்டத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டது. 1951-ல் நம் தேசியக் கூட்டமைப்பு அமைந்தது. அடுத்த ஆண்டு முதல் தேசியப் போட்டி நம் சென்னையில் நடந்தது. அதே 1952-ல் மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பிலும் இந்தியா ஆடியது. ஜப்பான் ஆண்கள் அணி உலகப் போட்டிக்கு முதலில் போனது 1960-ல். ஆகவே 1955-ல் டோக்கியோவில் ஆசிய நாடுகளை அழைத்து நடத்திய போட்டியில், ஆறு பேர் பிரிவில் ஜப்பானை அவர்கள் மண்ணிலேயே பின்னுக்குத் தள்ளி இந்தியா தங்கம் வென்றதில் அதிசயம் இல்லை. இதைப் பெருமையோடு நினைவுகூர்பவர்கள், எதிரணி அப்போதுதான் பாடம் படிக்க ஆரம்பித்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும்.

பாடத்தை அவர்கள் படித்த வேகம்தான் மலைக்க வைக்கிறது. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இரண்டு வகை ஆட்டங்களும் நடந்தன. ஆறு பேர் பிரிவில் ஜப்பானுக்குத் தங்கம், நமக்கு வெண்கலம். 1962 ஜகார்த்தாவில் நமக்கு வெள்ளி. அந்த விளையாட்டுகளோடு ஒன்பது பேர் ஆட்டம் ஆசியப் போட்டிகளிலிருந்து விடைபெற்றது. அதே 1962-ல் டைமாட்சு பயிற்றுவித்த ஜப்பானியப் பெண்கள் மாஸ்கோவில் சோவியத் அணியை வென்று உலகப் பட்டம் பெற்றார்கள். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் தங்கமும் அவர்களுக்கே. 1972-ல் மியூனிக்கில் ஆண்களுக்குத் தங்கம் வாங்கித் தந்த பயிற்றுநர் மட்சுடைரா பின்னாளில் ஆசிய சம்மேளனத்துக்கே தலைவரானார். நாமோ 1962-க்குப் பிறகு ஆசிய விளையாட்டில் அடுத்த பதக்கத்துக்கு 1986 சியோல் வரை காத்திருந்தோம். கூட்டமைப்புகளின் உள்சண்டையைப் பற்றி எழுதினால் கடிதம் நீளும், விட்டுவிடுகிறேன்.

1975-ல் முதல் சாம்பியன்ஷிப் ஏன் மெல்போர்னில் நடந்தது என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பசிபிக் தீவுகளும் வாலிபாலில் ஆசியாவோடுதான் சேர்த்தி. துருக்கியும் இஸ்ரேலும் ஐரோப்பாவோடு. இதைக் கட்டுரையிலேயே ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கலாம்.

இரண்டாவதற்கு வருகிறேன். உங்கள் சாம்பியன்கள் பட்டியலை மறுபடி வெளியிடும் எண்ணம் இருந்தால், 1955 டோக்கியோவை மேலே தனிக் குறிப்பாகச் சேருங்கள். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் வாலிபாலுக்கான முதல் அர்ஜுனா விருதை 1961-ல் பெற்ற ஏ. பழனிசாமியைப் பற்றியும் ஒரு தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். தமிழில் அவரைப் பற்றி விரிவாக எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்.