பூட்டில் சாவி திரும்பும் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப வன்முறையின் அறிகுறிகள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் வரிக்கு வரி கணவன், மனைவி என்றே இருந்தது. என்னை அடித்தவள் ஒரு பெண். நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். அந்த நாட்களிலும் இப்படிப்பட்ட கட்டுரைகள் கண்ணில் பட்டதுண்டு. இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

அடி பிறகுதான் வந்தது. முதலில் என் போனின் பாஸ்வேர்டு கேட்டாள். சரி, காதல்தானே என்று கொடுத்தேன். அப்புறம் சம்பளம். அப்புறம், எங்களைப் பற்றித் தெரிந்த இரண்டே இரண்டு தோழிகளும் ஆகாதவர்கள் ஆனார்கள். நான் எதிர்த்துப் பேசும்போதெல்லாம் ஒரே மிரட்டல்: “உங்க அம்மாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிடவா?” கணவன் மனைவிக்குள் இந்த மிரட்டலுக்கு வேலையே இல்லை. எனக்கு வாயடைத்துப் போகும்.

நான் அவளைவிட அரை அடி உயரம். ஒருநாள் அவள் என் கழுத்தைப் பிடித்தாள். திமிறியதில் என் நகம் அவள் கையைக் கீறிவிட்டது. அந்தக் கீறலைக் காட்டியே, “நீயும்தான் அடிக்கிறே” என்று மாதக்கணக்கில் சொன்னாள். நானும் நம்பினேன். என் கழுத்தைப் பார்த்த மருத்துவரோ, “ரூம்மேட்டோட சண்டையா?” என்று சிரித்தார்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2010 கணக்கெடுப்பில், தன்பாலீர்ப்புள்ள பெண்களில் 44 சதவீதம் பேர் துணையின் வல்லுறவு, அடி உதை, பின்தொடர்தல் இவற்றில் ஒன்றையாவது வாழ்நாளில் அனுபவித்திருந்தார்கள். எதிர்பாலீர்ப்புள்ள பெண்களில் இது 35 சதவீதம். அந்த 44-இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரைக் கொடுமைப்படுத்தியவர்கள் பெண்கள் மட்டுமே.

யார் உயரம், யார் கையில் கீறல் என்று பார்த்தால் எங்கள் வீட்டில் நடந்தது யாருக்கும் பிடிபட்டிருக்காது. பின்னால் ஒரு ஆலோசகர்தான் கேட்டார்: “பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டால் உங்களுக்கு என்ன ஆகும்? அவருக்கு?” எனக்கு வயிறு சுருண்டுகொள்ளும். அவளோ, நான் வந்தால் டிவியிலிருந்து தலையைக்கூடத் திருப்ப மாட்டாள்.

அடுத்த முறை இதே விஷயத்தை எழுதும்போது ‘துணை’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். பக்கத்தைப் புரட்டப்போகிற ஒருத்தி நின்று படிப்பாள்.

தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி